பம்ப் (ஞா): கிடைக்கவில்லை

அண்ணன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். உலகப் போர் முடிந்த பிறகு செய்யப்பட்ட எதுவும் அந்த வண்டியில் ஏறக் கூடாது. ஒரு நட்டு கூட.

பர்மாத் தலைநகரில், பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடமிருந்து ஓர் அமெரிக்கப் பத்திரிகை வாங்கி வந்திருந்தான். நடுப்பக்கத்தில் ஒரு கார் படம். கூரை இல்லை, மட்கார்டு இல்லை, இஞ்சினுக்கு மூடியும் இல்லை. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, பாயப் போகிற நாய் மாதிரி நின்றது. போருக்கு முந்திய லேசான காரை உரித்துவிட்டு, அதில் பெரிய வண்டியின் எட்டு சிலிண்டர் இஞ்சினை இறக்கி, வேகத்துக்காக மட்டும் அங்கே செய்வார்களாம். ஹாட் ராட் என்று பெயர். அம்மா பத்திரிகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னாடா இது, மொட்டக் காரு. மழ வந்தா என்னா பண்ணுவ?"

"மழ வர்றதுக்குள்ள ஊடு வந்து சேந்துருவேம்மா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மொட்டைக் கார் என்றுதான் பெயர்.

அண்ணன் ஒரு வியாபாரக் கம்பெனியின் மோட்டார் பட்டறையில் தலைமை ஃபிட்டராக இருந்தவன். கம்பெனிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது பட்டறையின் பெயர்ப்பலகை மாறியது. அண்ணனைப் போல வெளிநாட்டவர் அட்டை வைத்திருந்தவர்களுக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. எனக்குக் குடியுரிமைக் கடுதாசி இருந்தது. மிஷன் பள்ளித் தலைமையாசிரியை பிடித்து உட்காரவைத்து விண்ணப்பம் எழுதச் செய்திருந்தார். அண்ணன் அப்போது, "இங்கயே பொறந்தவன் இங்கயே எதுக்கு மனு போடணும்" என்று சிரித்தான். அதனால் தொழில்நுட்பப் பள்ளியில் படித்து முடித்த நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் நகலெடுக்கும் வேலைக்குப் போனேன். அவன் லான்மடாவ் வீட்டில் மூன்றாம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எங்கள் தெருவிலிருந்து மாதத்துக்கு ஒரு குடும்பமாவது மதராசுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம்.

அம்மா ஒருநாள் நேராகவே கேட்டாள். "நீயும் போகத்தான் போறியா?"

"வண்டி ஓடணும். ஓடுன மறுவாரமே கப்பலுக்குப் பேரு குடுத்துருவேன். அதுவரைக்கும் எங்கயும் போவல."

அம்மா தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கு அந்தப் பதில் ஒரு கணக்காகத் தெரிந்தது. வண்டி ஓடினால் அவன் போவான். ஓடாதவரை இருப்பான்.

பட்டியல் எழுதுவது என் வேலை. நீளமான நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தேன்: பாகம், எந்தப் பக்கம், எங்கே கிடைத்தது, நிலைமை. கிடைத்துப் பொருத்தியதும் அந்த வரியின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுப்பேன். கையால் அடித்தால் எனக்குத் திருப்தி வராது.

உடம்பு தாமுவேயில் கிடைத்தது. ஊருக்குப் போய்விட்ட ஒரு செட்டியார் வீட்டின் பின்புறம் கிடந்த திறந்த கார். உள்ளே கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. காவலுக்கு இருந்தவர் காரைக் கொடுத்தார், முட்டைகளைக் கொடுக்கவில்லை. இஞ்சின், போரின்போது பட்டாளம் விட்டுப்போன லாரி ஒன்றிலிருந்து வந்தது. சீட்டுதான் எனக்குப் பிடித்த வரி. அமெரிக்கப் பையன்கள் போர் விமானத்தின் அலுமினிய சீட்டை வைப்பார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. இங்கே அப்படிக் கிடந்த விமானங்களையெல்லாம் உருக்கி எப்போதோ சட்டி பானை செய்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கரண்டியே அந்த வழியில் வந்ததுதான் என்று அம்மா சொல்வாள். ஆனாலும் இன்சீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு நாவிதர் கடையில், முடிவெட்ட வருகிறவர்கள் விமான சீட்டில்தான் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் முதலில் முடிவெட்டிக்கொண்டான். அடுத்த வாரம் தேக்கு நாற்காலி ஒன்றைத் தோளில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு சீட்டோடு வந்தான். நோட்டில் நான் எழுதினேன்: "சீட்டு ஒன்று. நாவிதர். நல்ல நிலை, முடி ஒட்டியுள்ளது."

வேலை நடந்த இடம் இன்சீனில் ஒரு வெல்டரின் முற்றம். அவர் பர்மியர். ரயில்வே பட்டறையில் தமிழர்களோடு வருஷக்கணக்காக வேலை செய்தவர். அவருடைய தமிழ் தடுக்கும், ஆனால் நிற்காது. அண்ணன் அவரை "அக்கோ" என்பான். பர்மிய மொழியில் அண்ணன் என்று அர்த்தம். என் அண்ணனுக்கு ஓர் அண்ணன் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஞாயிறுதோறும் நகரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் இரண்டு பேரும் போவோம், டிபன் கேரியரில் அம்மா கொடுத்த சோறு.

இரண்டாவது மாதத்தில் ஒரு தவறு நடந்தது. இடது பக்கப் புகைக்குழாய் வேண்டும் என்று நான் எழுதினேன், அண்ணன் அலைந்து ஒன்று கொண்டுவந்தான். பொருந்தவில்லை. நான் வரைபடக்காரி, இஞ்சினை முன்னால் நின்று பார்த்து இடது வலது எழுதியிருந்தேன். ஃபிட்டர் ஓட்டுகிறவனின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பான். முன்னால் நிற்கிறவளுக்கு இடது, உட்கார்ந்திருக்கிறவனுக்கு வலது.

"நான் சொல்றதுதான் எடது," என்றான் அண்ணன்.

"எங்க நின்னு?"

"எங்க நின்னா என்னா, கை மாறிருமா?"

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இனிமே தமிழ்ல எடது வலது இல்ல. பர்மால சொல்லு. பே, ஞா. பே எடது, ஞா வலது. சீட்டுல குந்திப் பாக்கணும். சரியா தங்கச்சி?"

அப்படியே முடிவாயிற்று. என் நோட்டில் இரண்டாவது பத்தியில் பே, ஞா என்று தமிழ் எழுத்தில் விழத் தொடங்கின. வெல்டர் இன்னொன்றும் சொன்னார். "ஆனா பாத்து. ஞான்னா பொய் சொல்றதும்தான். எங்க பாஷைல ரெண்டுக்கும் ஒரே சத்தம்."

"ஞான்னா வலது, ஞான்னா பொய்யி," என்றான் அண்ணன் என்னைப் பார்த்து. "ஞா...பகம் வெச்சுக்க."

வெல்டருக்கு அது புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அன்று பிற்பகல் முழுக்க நாலைந்து முறை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முதலில் பக்கம் பக்கமாக இருந்த பட்டியல் ஒரே பக்கத்துக்குச் சுருங்கியது. பிறகு பாதிப் பக்கம். ஒவ்வொரு கோடும் நேராகத்தான் விழுந்தது, மற்ற வேலைகள்தான் தப்பின. அலுவலகத்தில் வரைந்ததையே திரும்ப வரைந்தேன். மதியம் தேநீர்க் கடையில் வாங்கிய டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் ஏறி, எதற்கு ஏறினேன் என்று மறந்து, இறங்கி, மறுபடி ஏறினேன். அண்ணனோ விசிலடித்தபடி இருந்தான்.

கடைசியில் பெரிதாக மிஞ்சியது தண்ணீர் பம்ப் இரண்டு. அந்த இஞ்சினில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பம்ப் உண்டு. அவை வெறும் பம்ப் அல்ல. இஞ்சினின் முன்பாரம் அவற்றின் மேல்தான் வண்டிச் சட்டத்தில் உட்காருகிறது. இஞ்சினுக்குக் கால் மாதிரி. பே பம்பை ஞா பக்கம் போட முடியாது.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நான் தனியாகத் தாமுவே போனேன். பழைய இரும்பு விற்கும் பர்மிய அம்மாள் முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்தை அப்பிக்கொண்டு, லாரி டயரின் மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பம்பைக் கையால் வரைந்து காட்டியதும் எழுந்துபோய் ஒரு அரிசிச் சாக்கை இழுத்து வந்தார். உள்ளே இரண்டும் இருந்தன. பே ஒன்று, ஞா ஒன்று, கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டி.

பஸ்ஸில் அல்ல, நடந்தே வீட்டுக்கு வந்தேன். கட்டைப் பிரித்து இரண்டு பைகளில் போட்ட பம்புகள் இரண்டு கைகளையும் இழுத்தன. வழியில் எங்கோ முடிவு செய்திருக்க வேண்டும், எங்கே என்று சொல்ல முடியவில்லை. பே பம்பை அண்ணனிடம் கொடுத்தேன். ஞா பம்பைக் கிரீஸ் தடவி, பழைய டிரேசிங் துணியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் என் பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன். நோட்டில் எழுதினேன்: "பம்ப் (ஞா): கிடைக்கவில்லை." எழுத்து எப்போதும் போல நேராக இருந்தது.

ஐந்து வாரம். இஞ்சின் வெல்டரின் முற்றத்தில் ஒரு பக்கம் காலிலும் மறுபக்கம் மரக்கட்டையிலும் நின்றது. மரக்கட்டையை வைத்து ஓட்டலாமே என்று வெல்டர் கேட்டார். புதிதாக ஒன்று வார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அண்ணனை முந்திக்கொண்டு நானே சட்டத்தைச் சொன்னேன். "போர் முடியறதுக்கு முந்துனதுதான் வேணும், அக்கோ." அண்ணன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். அவன் சட்டத்தை என் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் விசில் நின்றது. ரயிலில் உட்காராமல் கதவருகே நின்று வந்தான். இன்சீன், தாமுவே, லான்மடாவின் பின்சந்துகள் என்று அலைந்தான். இதற்கிடையில் ஒரு கப்பல் போயிற்று. எதிர்வீட்டுக்காரர்கள் போனார்கள், அவன் போகவில்லை. அன்று நான் நிறையச் சாப்பிட்டேன். அம்மா அதைக் கவனித்தாள்.

அடுத்த ஞாயிறு இன்சீன் முற்றத்தில் அண்ணன் என் கையிலிருந்து நோட்டை வாங்கினான். சத்தமாக வாசித்தான்.

"முன்விளக்குக் கண்ணாடி, பே, கீறல். பெட்ரோல் மூடி, ஒன்று, பார்க்க வேண்டும். பம்ப், ஞா, கிடைக்கவில்லை."

"ஞா," என்றார் வெல்டர், தலையாட்டி.

"ஆமா. ஞா," என்றான் அண்ணன். கண் நோட்டில் இல்லை, என் மேல் இருந்தது. "நேத்து தாமுவே போயிருந்தேன். அந்தம்மா கேக்குறாங்க, ஒந் தங்கச்சி சோடியா வாங்கிட்டுப் போச்சே, ஒண்ணு ஒடஞ்சிருச்சான்னு."

வெல்டர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பற்றவைக்க எதிரே எதுவும் இல்லை.

"எங்க வெச்சிருக்க?"

"கட்டிலுக்கடியில."

"தரையிலயா? துரு புடிச்சிருக்கும்."

"கிரீஸ் போட்டுத்தான் வெச்சேன்."

அவன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "திருடுனாலும் நீட்டா திருடுற பாரு."

நான் காரணம் சொல்லத் தொடங்கினேன். வரிசையாகத்தான் சொன்னேன், ஒன்று, இரண்டு என்று. இரண்டாவதிலேயே அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நான் பேரு குடுத்து மூணு வாரம் ஆச்சு. வர்ற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் கப்பலு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"வண்டி ஓடுன பொறவுன்னு சொன்னியே."

"சொன்னேன். என் அட்டைய இனிமே நீட்டிக்க மாட்டேன்னுட்டாங்க. அத எப்புடிச் சொல்றது? வண்டிய முடிச்சுட்டு, அந்தச் சந்தோசத்தோட சொல்லிக்கலாம்னு பாத்தேன்."

பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கிற நெடி வந்து வெல்டருக்குத் தும்மல் பிடித்தது. தும்மிவிட்டுச் சொன்னார்: "அப்ப இந்த வண்டில பே பக்கம் இல்லவே இல்ல. ரெண்டு பக்கமும் ஞாதான்."

நான் அந்த ஐந்து வாரத்தை மனதில் எண்ணிப் பார்த்தேன். அவனைப் பிடித்து வைக்க ஒளித்தேன் என்று நினைத்திருந்தேன். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவன் போகத்தான் இருந்தான். அவனும் வண்டியும் சேர்ந்திருக்கக்கூடிய ஐந்து வாரத்தைத்தான் நான் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அன்றைக்கே ரயிலேறி வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். நான் திரும்பியபோது இருவரும் இஞ்சினைச் சங்கிலியில் தூக்கித் தயாராக வைத்திருந்தார்கள். துணியைப் பிரித்ததும் வெல்டர் பம்பை மோந்து பார்த்து, "நல்லாப் பாத்துக்கிட்டிருக்க," என்றார். கிண்டலா என்று இன்றும் தெரியவில்லை.

அந்த வாரம் நான் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தினமும் காலை ரயிலில் போனோம். அம்மாவிடம் அவன் புதன்கிழமை சொன்னான். மறுநாளிலிருந்து டிபன் கேரியரில் ஓர் அடுக்கு கூடியது. பெட்ரோல் மூடி கிடைக்கவே இல்லை. கடைசியில் ஒரு கார்க்கை வெட்டி அடைத்தோம். கார்க் எந்த வருஷத்தது என்று யாரும் கேட்கவில்லை.

கப்பலுக்கு முந்திய ஞாயிறு காலை இஞ்சின் பிடித்தது. இருமியது, நின்றது, மறுபடி பிடித்தது. அந்த முற்றத்தில் இருந்த கோழிகள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. நான் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் சுற்றிப் போனேன், இடது சீட்டில் ஏற. அது சீட்டுகூட இல்லை, ஒரு மரப்பெட்டி. அண்ணன் அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"ஞா பக்கம் நீ உக்காரு," என்றான். ஸ்டியரிங் இருந்த பக்கம், நாவிதரின் சீட்டு.

"நீ எனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுக்கவே இல்லியே."

"தேவப்படாது. நேரா போ."

ரயில் கேட் வரைக்கும் போய், ஒரு பெரிய வட்டமடித்துத் திரும்பி வந்தோம். அவ்வளவுதான். அவன் சாலையைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டபடி வந்தான். முற்றத்துக்குள் நிறுத்தியதும் இறங்கிக் குனிந்தான். ஞா பம்பின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"பேக்கிங் போயிருச்சு. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். "பம்ப் (ஞா): ஒழுகுகிறது."

வண்டி இப்போதும் வெல்டரின் முற்றத்தில்தான் நிற்கிறது. ஞாயிறுதோறும் போய்க் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அடியில் ஒரு தகர டப்பா வைத்து வருகிறேன். கசிவை அடைக்கும் பேக்கிங் சாமான் கிடைத்து மாதங்களாகிவிட்டன. போருக்கு முந்தியதுதான், சோதித்துவிட்டேன். மாற்ற அரை மணி நேரம் போதும். மாற்றவில்லை. அண்ணன் மதராசிலிருந்து எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில் கேட்கிறான், ஒழுகுவது நின்றதா என்று. இன்னும் இல்லை என்று பதில் எழுதுகிறேன். அது பொய் இல்லை.