முடிவில்லாத பத்தியம்

தையல்காரருக்கு ஊரார் வைத்த பெயர் கண்ணளவு. அளவு நாடாவைத் தொடாமல், வாசலில் வந்து நிற்பவனின் தோளைப் பார்த்தே துணியை வெட்டிவிடுவார். ஒற்றை ஊசியோடு பிழைக்க வந்து, மூன்று மிஷின் போட்டு, சொந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவர். தன் கையை ஊன்றி எழுந்தவனுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். உடம்புதான் அதற்குக் கட்டுப்படாது.

ஐம்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் மேஜையில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். "இதுதான் உங்க தட்டு. பாதிக்குக் காய்கறி. சோறு ஒரு கைப்பிடி. ராத்திரி சாப்பிட்டதும் அரை மணி நேரம் நடங்க."

"பத்தியம்தானே? இருந்துட்டாப் போச்சு" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. சம்பந்தி வீட்டு விருந்தில்கூடக் காயை மட்டும் தின்றுவிட்டு எழுந்தார். தினமும் தெருக்கோடிவரை போய் வந்தார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் தட்டை நீட்டினார்.

"பத்தியம் முடிஞ்சுது. சோத்தைப் போடு."

"எப்பவும் இப்படித்தான் சாப்பிடணும்னு நர்ஸம்மா சொன்னாங்களே."

"பத்தியம்னா ஒரு முடிவு இருக்கும்டி. முடிவே இல்லாததுக்குப் பேரு தண்டனை."

"நடக்கவாவது நடங்க."

"நாள் முழுக்கப் பெடல் மிதிக்கிறேனே, அது என்ன ஊஞ்சலா? நான் மிதிச்ச மிதிக்கு உலகத்தையே சுத்தி வந்திருக்கலாம்."

"மிதிச்சது நீங்க. சுத்தினது சக்கரம்."

சிரித்துக்கொண்டே இன்னொரு கை சோறு கேட்டார்.

சில வருஷங்களில் உள்ளங்கால் மரத்துப்போனது. பெடல்காரனுக்கு அது தொழில் தந்த சீதனம் என்று விட்டுவிட்டார். ஒருநாள் கடையைப் பெருக்க வந்த மனைவி தரையில் ரத்தக்கறையைப் பார்த்தாள். கறை அவர் நாற்காலியில் போய் நின்றது. வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தால், உடைந்த ஊசி ஒன்று புதைந்து, சுற்றிலும் கறுத்துச் சீழ் கட்டியிருந்தது.

"வலிக்கலையா?"

"என்னது வலிக்கணும்?" என்று கேட்டார்.

காலைக் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், விட்டால் முழங்காலுக்கு ஏறிவிடும் என்றார் டாக்டர்.

"மிதிக்கிற காலாச்சே, டாக்டர். அதை எடுத்துட்டா நான் எப்படித் தைப்பேன்?"

டாக்டர், பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள், "எடுத்துடுங்க" என்றாள்.

வீடு திரும்பியபின் சோற்றை அவரே ஒதுக்கினார். அக்குள் கட்டையை ஊன்றி வாசல்வரை நடந்தார். மற்ற இரண்டு மிஷினில் கூலிக்குத் தைத்த இருவரும் வேறு கடைக்குப் போய்விட, வெட்டிய துணி அப்படியே கிடந்தது. ஒரு காலையில் மிஷினில் உட்கார்ந்து, இடது காலைப் பெடலில் வைத்து, கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டார். அந்தக் காலுக்குத் தாளம் பிடிபடவில்லை. சக்கரம் பின்பக்கமாகச் சுழன்று, நூல் சிக்கி அறுந்தது.

மனைவி குனிந்து நூலைக் கோத்தாள். "மெதுவா மிதிங்க."

மறுபடியும் அறுந்தது.

"கோத்துக் குடு" என்றார், நிமிராமல்.