மூன்று நாள் கெடு

அலுவலகத்தில் அவருக்கு 'மூணு நாள்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள் என்றாலும் அவருக்குத் தெரியும். வங்கிகளின் மேல் மக்கள் கொண்டுவரும் புகார்களை வாங்குவதற்கென்றே அரசாங்கம் திறந்து வைத்திருக்கும் அலுவலகம் அது. வருகிறவர் 'ஐயோ என் பணம்' என்று வாயைத் திறப்பதற்குள், கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் இவர், "எப்ப நடந்துச்சு?" என்று கேட்டுவிடுவார்.

காரணமில்லாமல் இல்லை. கணக்கிலிருந்து பணம் களவுபோனால் மூன்று நாளைக்குள் தகவல் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் நஷ்டம் வங்கியுடையது. கெடு தாண்டினால் நஷ்டம் நம்முடையது. அப்புறம் வங்கியாகப் பார்த்து மனமிரங்கினால்தான் உண்டு. அப்படி மனமிரங்கிய வங்கிகளை அவர் தம் சர்வீசில் விரல்விட்டு எண்ணிவிடலாம், அதற்கும் ஒரு கை போதும்.

சட்டம் நல்ல சட்டம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஏமாந்த மனிதன் முதல் நாள் அதை நம்ப மாட்டான், மறுநாள் அழுவான், அதற்கு மறுநாள் யாரிடம் சொல்வது என்று முழிப்பான். கெடுவெல்லாம் முடிந்த பிறகு பஸ் ஏறி வருவான். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்தே மனுஷருக்குத் தலை நரைத்துப்போயிற்று. போதாக்குறைக்கு, கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கென்று போட்ட ஓட்டையை நிற்கிறவர் உயரத்துக்கு வெட்டாமல் உட்கார்ந்திருக்கிறவர் உயரத்துக்கு வெட்டித் தொலைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் குனிந்துதான் பேச வேண்டும். குனிந்து பேசினால் யார் குரலும் கெஞ்சுகிற மாதிரிதான் கேட்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை கெஞ்சலையே கேட்டுக்கொண்டிருக்க அவர் என்ன சாமியா?

அதனால் வீட்டுக்கு வந்ததும் சிரிப்பார். சாப்பாட்டு மேஜையில் அன்றைய ஏமாளியின் கதை நடக்கும்.

"இன்னைக்கு ஒரு வாத்தியார் வந்தார். போன்ல வந்த ரகசிய நம்பரைத் திருடன்கிட்டச் சொல்லியிருக்கார். சொன்னதுல ஒரு எண்ணு தப்பு. என்ன பண்ணார் தெரியுமா? இவரே திருடனுக்குத் திரும்பப் போன் போட்டு, 'மன்னிச்சுக்கங்க தம்பி, கடைசி எண்ணு ஏழு இல்ல, ஒம்போது'ன்னு திருத்திச் சொல்லியிருக்கார்!"

கல்லூரியில் படிக்கும் மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும். மனைவியும் சிரித்தபடியே அவள் தலையில் தட்டுவாள். அவர் கெட்டவர் இல்லை. நாளெல்லாம் அடுத்தவர் அழுகையைச் சுமந்து வருகிறவர் அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டாமா? இறக்கி வைத்த இடம்தான் சரியில்லை.

மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். பிறந்தநாள், கல்யாணநாள் என்று ஆர்டர் வரும். சமையலறையில் இருக்கிற ஓவனில் ஒரு நேரத்துக்கு ஒரு கேக்தான் வேகும். அதற்கும் கதவு சரியாக மூடாமல் முட்டுக்கொடுக்க வேண்டும். பேக்கரிக்காரர்கள் வைத்திருப்பது போல் பெரிய ஓவன் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவளுடைய பல வருஷ ஆசை. அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவள் பெயரிலேயே ஒரு கணக்கில் இருந்தது. கடைக்காரரிடம் விலைகூடப் பேசி வைத்திருந்தாள்.

போன வாரம் ஒருநாள், அவர் சாப்பிட்டுவிட்டு வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, என்கிட்ட கேக் வாங்குவாங்களே ஒருத்தங்க, அவங்க போன்ல யார்கிட்டயோ நம்பரைச் சொல்லிட்டாங்களாம். இருந்ததெல்லாம் போயிடுச்சாம்."

"சொல்லாதீங்க சொல்லாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தறோம். வெத்தலபாக்கு வச்சுத் திருடனைக் கூப்பிட்டா நான் என்ன பண்றது?"

"பாவம், வீட்டுல சொல்லவே பயமா இருக்காம்."

"அந்தப் பயம் நம்பரைச் சொல்றப்ப எங்க போச்சு?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஏம்மா, நான் ஆபீஸை ஆபீஸ்லயே விட்டுட்டு வந்திருக்கேன். நீ இங்க ஒரு கவுன்ட்டர் திறக்காதே. புண்ணியமாப் போகும்."

அவள் எழுந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

நேற்று மத்தியானம், சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால், டோக்கன் மணி அடித்தது. கண்ணாடி ஓட்டையருகே குனிந்த முகம் அவள் முகம். அவர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

"என்ன, பாப்பாவுக்கு ஏதாவது?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் ஒரு புகார் கொடுக்க வந்தேன்." டோக்கனை உள்ளே நகர்த்தினாள்.

"எப்ப நடந்துச்சு?" கேட்கக் கூடாது என்று நினைப்பதற்குள் பழகிய நாக்கு கேட்டுவிட்டது.

"போன வாரம், செவ்வாய்க்கிழமை."

கட்டிலில் வந்து உட்கார்ந்து அவள் பேசியது புதன்கிழமை. அன்றைக்குக் கெடு முடிந்திருக்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, 'யாரது?' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பணம் பிழைத்திருக்கும். நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"ஓவன் பணமா?"

"ம்."

"எல்லாமா?"

அவள் தலையாட்டினாள். அதற்குள் பக்கத்துக் கவுன்ட்டர்ப் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், வீட்டு ஆளுங்க புகாரை நீங்க வாங்கக் கூடாது. அக்காவ இந்தப் பக்கம் அனுப்புங்க." அதுவும் விதிதான். மனைவி அடுத்த ஓட்டையருகே போய்க் குனிந்தாள்.

இரண்டு கவுன்ட்டருக்கும் நடுவே ஒரு பலகைதான். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். போன் போட்டவன் மரியாதையாகப் பேசினானாம். சாயங்காலத்துக்குள் கணக்கு முடங்கிவிடும் என்றானாம். கையெல்லாம் மாவு, ஓவனில் கேக் தீய்கிற வாசனை. அந்த அவசரத்தில் திரையில் வந்த நம்பரை அவனிடம் படித்துச் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்க சித்திக்கும் இதேதான்க்கா நடந்துச்சு" என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கெடு தாண்டிடுச்சேக்கா. ஏன் லேட்டாச்சுன்னு நியாயமான காரணம் இருந்தாத்தான் வங்கி கொஞ்சம் இறங்கி வரும். ஆஸ்பத்திரில கீஸ்பத்திரில இருந்தீங்களா?"

"இல்லம்மா, வீட்டுலதான் இருந்தேன்."

"அப்ப வீட்டுல சொல்ல..." பெண் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பலகைக்கு இந்தப் பக்கம் பார்க்காமலிருக்க அவள் படும் பாடு அவருக்குத் தெரிந்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"சொல்ல ஆள் இருக்காரும்மா," என்றாள் மனைவி. "ஆனா பாவம், சாயங்காலம் ரொம்பக் களைச்சுப்போய் வருவார்."

அந்தப் பெண் அதை அப்படியே எழுதினாள். இப்படி ஒரு காரணத்துக்கு எந்த வங்கியும் இறங்கி வராது என்பது, அந்த அலுவலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.