கறிக்குள் இருந்த சன்னம்

தேங்காயெண்ணெய் கருகும் மணம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு அடுப்பில் மறந்துபோன "தாச்சி" நினைவுக்கு வரும். எனக்கோ என் அப்பாவின் துவக்குத்தான் நினைவுக்கு வரும். சுட்டவுடன் குழல் வாயிலிருந்து மெல்லிய நீலப் புகையும், வடை பொரிக்கும் வீட்டு வாசலில் நிற்பது போன்ற ஒரு வாசமும் வந்த துவக்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாரிஸ் லா சப்பலில் நாங்கள் இருந்த வீட்டு யன்னலுக்கு நேரே பாலத்தின் மேல் மெத்ரோ ரயில் ஓடும், அது கடக்கும்போதெல்லாம் சாமித்தட்டு விளக்கின் சுடர் ஒருமுறை நடுங்கி நிற்கும். ஊரில் சண்டை முடிந்து அடுத்த வருடம் அது. தொலைபேசி மணி அடித்தால் அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள், "துவக்கு" என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள் அப்பா ஒரு துவக்கையே தூக்கிக்கொண்டு வந்தார் என்றால் அதற்குக் காரணம் அம்மாவின் வயிறு.

அம்மா அப்போது தம்பியைச் சுமந்துகொண்டிருந்தார். எனக்கும் தம்பிக்கும் நடுவே வந்த ஒன்று தங்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லாவிட்டாலும், படியிறங்கும்போது அம்மா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்வதைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் மாதத்தோடு தீர வேண்டிய மசக்கை ஐந்தாம் மாதமாகியும் தீரவில்லை. உண்டது ஒன்றும் தங்கவில்லை, உண்ணவும் மனமில்லை. இன்னும் நிறை குறைந்தால் ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துவிடுவோம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பா லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். ஊருக்கெல்லாம் கொத்துரொட்டி கொத்திப் போட்ட அந்த மனிதருக்குச் சொந்த மனைவியின் வாய்க்குப் பிடித்த ஒரு பிடி சோறு போட வழி தெரியவில்லை.

"என்ன வேணும் உமக்கு, அதையாவது சொல்லுமன்" என்று அவர் ஒருநாள் கெஞ்சும் குரலில் கேட்டபோது, அம்மா சுவரைப் பார்த்தபடி, "அப்பு சுட்டுக்கொண்டு வாற முயல் கறி எண்டால் தின்னுவன்" என்றார்.

அப்பு என்றால் அம்மாவின் தகப்பனார். அவரிடம் ஒரு "காத்துத் துவக்கு" இருந்ததாம். வெடிமருந்து கிடையாது, உள்ளே ஒரு தடித்த சுருள் வில்லும் அதன் முன்னே ஒரு உருளையும் இருக்கும். குழலை முழங்காலில் வைத்து முறிப்பது போல மடக்கினால் வில் இறுகும், விசையைத் தட்டினால் வில் உருளையைத் தள்ள, உருளை காற்றைத் தள்ள, காற்று சன்னம் என்ற சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். அதைக் கொண்டு முயலும் புறாவும் அடிப்பார். பிறகு வீட்டில் எந்தத் துவக்கு இருந்தாலும் உயிருக்கு ஆபத்து என்ற காலம் வந்தபோது அதைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது: கறி தின்னும்போது யார் பல்லில் சன்னம் கடிபடுகிறதோ அவருக்குத்தான் அடுத்த முயலின் ஈரல். ஆகவே பிள்ளைகள் எல்லோரும் சன்னம் தேடித் தேடி மெல்ல மெல்லச் சப்பித் தின்பார்களாம்.

அப்பா சூப்பர்மார்க்கெட்டில் ஒரு முயல் வாங்கி வந்து, சரக்குத் தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினார். மூடியைத் திறந்ததுமே அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது கூட்டுக்குள்ளை வளந்தது. கோழி மாதிரி மணக்குது." நானும் அப்பாவும் இரண்டு நாள் முயல் தின்றோம்.

அதற்குள் லெ பிளாங்-மெனில் புறநகரிலிருந்து அப்பாவின் நண்பர் செல்வம் மாமா தொலைபேசியில், "பிள்ளைத்தாய்ச்சி கேட்டதைக் குடுக்காட்டில் பிள்ளைக்குக் காது வடியும் எண்டு எங்கடை ஆச்சியவை சொல்லுறவை, பகிடியில்லை" என்று வேறு பயமுறுத்திவிட்டார். அவர் வீட்டுப் பின்வளவுக்கு அப்பால் ஒரு ரயில் மேடு. அங்கிருந்து முயல்கள் வந்து அவருடைய முட்டைக்கோவாப் பாத்தியை மேய்ந்துகொண்டிருந்தன. அப்பாவின் மூளையில் அங்கேதான் பொறி தட்டியிருக்க வேண்டும். அடுத்த வாரமே, ஊர் திரும்பவிருந்த ஒரு போர்த்துக்கீசக் கிழவரிடமிருந்து ஒரு காற்றுத் துவக்கை வாங்கி, அதை ஒரு பாய்க்குள் சுருட்டி, ஒபர்வில்லியேயிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார். படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், "என்ன அண்ணை, பாய் வாங்கினியளோ?" என்றார். "ஓம், மனிசிக்கு நாரி நோ, குனிய ஏலாது" என்றார் அப்பா, வியர்த்த முகத்தோடு.

பாயை விரித்ததும் அம்மா வெளிறிப்போனார். "இஞ்சை வேண்டாம், கொண்டுபோங்கோ" என்றார். பின் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து குனிந்தார். வில் இருக்கும் தடித்த குழாயில் கையை வைத்துப் பார்த்தார். "இது காத்துத் துவக்கெல்லே" என்று சொல்லிக்கொண்டே கட்டிலை விட்டிறங்கி அதன் அருகில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒரு சிரிப்போடு சொல்லப்பட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

வில் கிறீச்சிட்டது. கதவுப் பிணைச்சலுக்கும் தலைமயிருக்கும் வெட்டுக்கத்திக்கும் ஒரே மருந்து தேங்காயெண்ணெய்தான் என்று நம்பும் வம்சம் எங்களுடையது. அப்பா அதை ஒரு கரண்டி எடுத்து உள்ளே விட்டார். பாரிஸ் குளிரில் தேங்காயெண்ணெய் வெண்ணெயாக உறையும் என்பதோ, இந்த வகைத் துவக்கில் காற்று இறுகும் சூட்டுக்கு உள்ளே இருக்கும் எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்பதோ அவருக்குத் தெரியாது. செல்வம் மாமா வீட்டுப் பின்வளவில், பொழுதுபடும் நேரத்தில், நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருக்க, அப்பா முதல் வெடி வைத்தார். மெத்தென்று கேட்க வேண்டிய சத்தம் "படார்" என்று கேட்டது, புகை வந்தது, ரயில் மேட்டில் இருந்த முயல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்தன. செல்வம் மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு, "அண்ணை, இது வேட்டையோ வடையோ?" என்றார். இந்த நாட்டில் இப்படிக் காற்றுத் துவக்கால் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம் என்று எங்களுக்கு யாரோ சொன்னது வெகுகாலம் கழித்துத்தான். முயல்களுக்கு அப்பாவால் ஒரு கேடும் வரவில்லை என்பதால் சட்டம் எங்களை மன்னிக்கும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அவர் அடித்தது ஒன்றும் படவில்லை. எண்ணெயைத் துடைத்து எடுத்த பிறகும் படவில்லை. கோவாவில் பட்டது, வேலித் தகரத்தில் பட்டது. வெறுங்கையோடு வீடு வரும்போதெல்லாம் அவருடைய சட்டையில், எவ்வளவு துடைத்தும் துவக்கை விட்டுப் போகாத அந்தக் கருகல் மணம் இருக்கும், அம்மா படுக்கையில் இருந்தபடியே அதை முகர்ந்து சிரிப்பார். "இறுக்கிப் பிடிக்கிறியள், அதுதான். உருளை ஓடேக்கை துவக்கு துள்ளும், இறுக்க இறுக்கக் குறி தப்பும். காத்துத் துவக்கைப் பிடிக்கப்படாது, கைக்குழந்தையை மாதிரி ஏந்தோணும் எண்டு அப்பு சொல்லுவார்." அப்பா தலையாட்டுவார். ஆனால் அந்தக் காலத்தில் எதையும் தளர்த்திப் பிடிக்க அவரால் முடியவில்லை, பாவம். அம்மாவின் கன்னத்து எலும்பு நாளுக்கு நாள் தெரிந்துகொண்டு வந்தது.

நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு திங்கட்கிழமை, அப்பா தனியாக வேட்டைக்குப் போய், வெட்டித் துப்புரவாக்கிய இறைச்சியோடு வந்தார். "முயல் ஆம்பிட்டுது" என்றார். தானே சமைத்தார். அம்மாவின் கட்டிலருகே தட்டை வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்று, சுத்தமான சட்டியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு துண்டை வாயில் வைத்தார். இரண்டு முறை மென்றார். "கடக்" என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. அவர் வாயிலிருந்து சன்னத்தை எடுத்து, விரல்களுக்கு நடுவே உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அப்பாவின் முதுகை வெகுநேரம் பார்த்தார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அப்புவை நினைத்துக்கொண்டார் என்று நான் நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றார். "இன்னும் ரெண்டு துண்டு போடுங்கோ. அடுத்த ஈரல் எனக்குத்தான்."

அன்று சாப்பிட்டது தங்கியது. அடுத்த நாள் சோறு தங்கியது. பங்குனியில் தம்பி நல்ல நிறையோடு பிறந்தான், காதும் வடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவனை அப்பா இரண்டு கையிலும் ஏந்தி, பிடித்தும் பிடிக்காமலும் நின்றபோது, "இப்பிடித்தான் பிடிக்கச் சொன்னனான்" என்றார் அம்மா.

அதன் பிறகு அந்த முயல் ஓடத் தொடங்கியது. யாருடைய பிறந்தநாள் என்றாலும் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். முதலில் கோவாப் பாத்தியில் நின்ற முயல் பின்னர் வேலிக்குப் போய், சில வருடங்களில் ரயில் மேட்டின் உச்சிக்கே போய்விட்டது. எல்லாரும் சிரிக்கும்போது அம்மா மட்டும், "ஓம், என்ரை பல்லிலைதானே சன்னம் கடிபட்டது" என்று சாட்சி சொல்வார்.

எனக்குப் பதினாறு வயதானபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அம்மா அந்தச் சன்னத்தைக் குங்குமச் சிமிழிலிருந்து எடுத்துக் காட்டினார். உடுக்கு மாதிரி இடை சுருங்கிய சின்ன ஈயத் துண்டு. "சுட்ட சன்னம் எலும்பிலை பட்டுச் சப்பளிஞ்சு போகும். இது தகரப் பேணிக்குள்ளை இருந்து எடுத்த மாதிரியே கிடக்கு, பார்."

"அப்ப அது கூட்டு முயலோ?"

"முதல் வாயிலையே தெரியும்."

"பிறகேன் சாப்பிட்டனீங்கள்?"

அம்மா வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சுடத் தெரியாத மனிசன், சன்னத்தை இறைச்சிக்குள்ளை ஒளிச்சு வைச்சுப்போட்டு, என்ரை முகத்தைப் பாக்கப் பயந்து சட்டியைச் சுரண்டிக்கொண்டு நிண்டது. அதுக்குப் பிறகும் ஒருத்திக்குப் பசிக்காதோ?"

இன்று செல்வம் மாமாவின் அந்த வீடு இல்லை. பின்வளவும் கோவாப் பாத்தியும் இருந்த இடத்தில் மாடிக் கட்டிடம் நிற்கிறது. துவக்கின் வில் சோர்ந்துபோய், அப்பா அதை எப்போதோ கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டார். தேங்காயெண்ணெய்ப் புகை மணத்த அந்தக் குளிர்ச்சட்டையும் இல்லை. சன்னம் மட்டும் சிமிழுக்குள் கிடந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை விட உயரமாக வளர்ந்துவிட்ட தம்பி, அப்பாவின் முயல் கதையை நடுவில் மறித்து, ஆதாரம் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டான். அப்பா தடுமாறினார். "அது எப்பவோ துலைஞ்சு போச்சு."

"துலையேல்லை, கிடக்கு" என்று அம்மா எழுந்து அறைக்குள் போனார். அங்கிருந்து குசினிக்குள் போனார். உள்ளி இடிக்கும் சிறிய இரும்பு உலக்கை ஒரே ஒருமுறை விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்: மைசூர்ப் பருப்பு அளவுக்குத் தட்டையாகச் சப்பளிந்த ஒரு ஈயத் துண்டு. தம்பி வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, மரியாதையோடு அதை அப்பாவிடம் நீட்டினான்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். கறிக்குள் வைத்தபோது அது எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும். வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"எலும்பிலை பட்டதெல்லே" என்றார் அம்மா, தேத்தண்ணியை ஆற்றியபடி.

"ஓம்" என்றார் அப்பா. சன்னத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். "எலும்பிலைதான் பட்டது."

இப்போது அப்பா அந்தக் கதையைச் சொல்வதில்லை. யாராவது கேட்டால், "மனிசியைக் கேளுங்கோ, அவதான் வடிவாச் சொல்லுவா" என்று விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முதன்முறை கேட்பவரைப் போலக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.