ஜசிந்தனின் மூக்கில் விழுந்த வெளிச்சம்

டினுஷா ஓடிப்போனாள் என்று வேலிக்கு வேலி சொல்லித் திரிகிறாள் பக்கத்து வீட்டு மேர்சி. கண் இருந்தும் என்ன? என் பேத்தி நடந்துதான் போனாள். காலை பத்து மணிக்கு, முன்வாசலால்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் முகம். சுனாமி என் அடையாள அட்டையையும் கொண்டுபோனது. தன்னாமுனை முகாமில், வெயிலில் பளபளத்த வெள்ளைக் கூடாரத்துக்கு முன்னால் இருத்திப் புதிதாகப் படம் பிடித்தார்கள். கூடாரம் அழகாக விழுந்தது. நான் கரிச்சட்டியாகிவிட்டேன், வெள்ளை விழி மட்டும் தெரிந்தது. சண்டை முடியும்வரை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கண்ணை உருட்டிக் காட்டித்தான் அது நான்தான் என்று நம்பவைத்தேன்.

அந்த அட்டையைப் பார்த்துப் பார்த்தே டினுஷா பல்கலைக்கழகத்தில் கமராவைப் பற்றிப் படித்தாள். "கமராவைச் செய்ய முதல் கம்பியூட்டருக்குள்ளயே படம் எடுத்துப் பாப்பம், அம்மம்மா. அதுக்கு ஒவ்வொரு சாமான்ல இருந்தும் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறத்தில வருகுது என்டு அளந்து குடுக்கணும்."

ஒரு காட்சியை அளந்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் வேலை என்றது கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். பின்னால் வாவி மினுங்க வேண்டும், முன்னால் நிழலில் ஒரு முகம். வாவி, தகரவேலி, வாழை எல்லாம் அளந்துவிட்டாள். அளந்து முடியும்வரை அசையாமல் இருக்கும் முகம்தான் கிடைக்கவில்லை. நான் இருந்து பார்த்தேன், என் வாய் நிற்கவில்லை. மேர்சியோ, அளந்தால் ஆயுசு குறையும் என்று கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை புளியந்தீவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். திறந்திருந்த வாவிப்பக்கக் கதவை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கதிரையில் மாப்பிள்ளை ஜசிந்தன். ஆட்டமில்லை, அசைவில்லை, பேச்சுமில்லை! தேத்தண்ணித் தட்டை என் கையில் தந்துவிட்டு டினுஷா வெளிச்சம் அளக்கும் கருவியைத் தூக்கி வந்தாள். நெற்றி, கன்னம், காதடி என்று அளந்துகொண்டே போனாள்.

"என்னகா இது? என்ட மகன் என்ன சந்தை மீனா, செவுளைத் திருப்பிப் பாக்க?" என்று எழும்பினாள் தாய்.

"இரிங்க அம்மா," என்றான் ஜசிந்தன், உதடு அசையாமல். "மூக்கு இன்னும் முடியல்ல."

சம்பந்தம் அன்றே முறிந்தது. அவன் முகத்துக் கணக்கு மறுநாளே கொழும்புக்குப் போனது. மாதம் முடியமுன் வேலைக் கடிதம் வந்தது.

புறப்பட்ட அன்று, பையும் கையுமாக நின்றவளை வேலியடிக்குக் கூப்பிட்டாள் மேர்சி. முகம் முழுக்கப் பவுடர்.

"என்னையும் ஒருக்கா அளந்துபோட்டுப் போவன் புள்ள."

"பவுடரைக் கழுவிப்போட்டு வாங்க மாமி. பஸ்ஸுக்கு நேரமாகுது, கெதியா!"

மேர்சி கிணற்றடிக்குப் போனாள். சோப்புப் போட்டு, ஆற அமரத் தேய்த்துக் கழுவினாள். பஸ் நிற்குமா? டினுஷா என்னைக் கொஞ்சிவிட்டு நடந்தாள்.

மேர்சி ஈரமுகத்தோடு வந்தபோது வேலியடியில் நான் மட்டும்தான் நின்றேன்.

"ஓடிட்டாளா?" என்றாள்.