டிரையர் மேல் வைத்த லேப்டாப்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் எதுவும் காயாது. கொடியில் போட்ட துணி நாலு நாளைக்கு அப்படியே தொங்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். பீரோவில் பூட்டி வைத்த சர்டிபிகேட்டில் பூசணம் பூக்கும். ஆனால் கீழே ஃபேக்டரியில், நான் வேலை பார்க்கும் டிரையருக்கு மேலே, ஒரு இரும்பு மேடை உண்டு. தேயிலை காயும் சூட்டில் அது எப்போதும் கதகதவென்று இருக்கும். மழைக்காலத்தில் லைனில் இருக்கும் ஈரமெல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஸ்வெட்டர், ஸ்கூல் ஷூ, ரேஷன் கார்டு, ஒரு தடவை ஒரு கல்யாண ஆல்பம் கூட வந்தது.

"ஏனுங்க, உங்க மேடையில கொஞ்ச நேரம் போட்டு எடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி வாங்கி வைப்பேன்.

"நனைஞ்ச மனுசனத்தான் இன்னும் யாரும் கொண்டாந்து போடல" என்பாள் மனைவி. அவள் கொழுந்து எடுக்கப் போகிறவள். காலையிலிருந்து நனைந்துவிட்டு வருகிற வாய்க்கு எப்போதுமே சூடு அதிகம்.

மகள் காலேஜ் முடித்து ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இடம் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஹாஸ்டலில் தங்க வேண்டும். "இந்தக் குளிர விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன்" என்று ஒரே பிடிவாதமாக இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு ஆள் எடுத்தது. போனில் பேசிய முதல் ரவுண்டில் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது ஓர் ஆன்லைன் பரீட்சை. அதுவும் முடிந்தால் வேலை, வீடு, குளிர் எல்லாம் அவளுக்குத்தான். லேப்டாப் சொந்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். இருந்தது. ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கீபோர்டில் நாலைந்து எழுத்துகள் மக்கர் பண்ணின.

"ஈரம்ப்பா. ரெண்டு நாள் வெயில் அடிச்சா சரியாயிடும்" என்றாள்.

ஆடி மாதம் எங்கள் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? மறுநாள் அவள் ஏதோ நகல் எடுக்க ஊட்டிக்குப் போயிருந்தாள். நான் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய் மேடையில் வைத்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் செய்து, சாயங்காலம் அவள் முன்னால் சரியான லேப்டாப்பை நீட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. அரை மணி நேரத்தில் எடுப்பதாகத்தான் இருந்தேன். அன்றைக்கு இலை வரத்து அதிகம். ஷிப்ட் முடிந்துதான் ஞாபகம் வந்தது.

துண்டைப் பிரித்தால் அடிப்பக்கம் வாழைப்பட்டை மாதிரி வளைந்திருந்தது.

மகள் அதைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பேசியது மனைவிதான். "வறுத்தாச்சா? இனி சலிச்சு மூட்டை கட்டி ஏலத்துக்கு அனுப்பிடுங்க."

குன்னூர் பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். அவர் பேச்சுக்காகவே நான் முன்பும் அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறேன். திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அண்ணே, கீபோர்டு போச்சு, மவுஸ் தேய்க்கிற இடம் போச்சு, கேமரா போச்சு, வைஃபை போச்சு, பேட்டரி உப்பி நிக்குது. உசுரு மட்டும் இருக்கு."

"உசுரு இருக்கில்ல பாய்? கை காலை வெளியே இருந்து மாட்டுங்க."

"மாட்டலாம். ஆனா பொறந்த கை மாதிரி வராது, பாத்துக்கங்க."

இந்த மாடலுக்கு உள்ளே மாற்ற சாமான் வராது என்றார். அதனால் எல்லாமே வெளியே. வெளிக் கீபோர்டு, மவுஸ், வயரில் தொங்கும் கேமரா, கட்டை விரல் நீளத்தில் வைஃபை பிடிக்கிற ஒரு குச்சி. இத்தனையும் செருக லேப்டாப்பில் நல்ல ஓட்டை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதில் ஒரு ஹப்பை மாட்டி, மற்றதையெல்லாம் ஹப்பில் மாட்டினார். பேட்டரியைக் கழற்றிவிட்டதால் சார்ஜர் வயரிலேயே ஓட வேண்டும். சார்ஜரின் பின் மட்டும் துளையில் ஆடியது. அசைந்தால் எல்லாம் அணைந்துவிடும். அடியில் ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தார்.

வீட்டு மேசையில் பரப்பி வைத்தபோது லைனே வந்து பார்த்தது. "இதென்னங்க, ஆஸ்பத்திரியில ஐசியூல வயரும் டியூபுமா படுக்க வெச்ச மாதிரி இருக்குது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மகள் அதற்குச் சிரித்தாள். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு. எனக்கு அது போதுமாக இருந்தது. கெடுத்ததும் நான், நேராக்கியதும் நான் என்று கணக்கை நேர் செய்துகொண்டேன். அவள் தினமும் அதில் பயிற்சி எடுத்தாள். நன்றாகவே ஓடியது.

பரீட்சை காலை பத்து மணிக்கு. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்குத் தீப்பெட்டி நழுவி, சார்ஜர் பின் ஆடி, திரை இருண்டது. மறுபடி முட்டுக் கொடுத்தேன், நிற்கவில்லை. மழைக்கு அட்டை ஊறிப் போயிருந்தது. விரலால் பிடித்தால் மட்டும் நின்றது.

"நான் மேசைக்கு அடியில உக்காந்து, பின்பக்கமா கைய மேல நீட்டிப் புடிச்சுக்கறேன் சாமி. கேமராவுல தெரிய மாட்டேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். வேறு வழி இல்லை.

பத்து மணிக்கு லேப்டாப்பிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. முதலில் இங்கிலீஷில் பேசியது, அப்புறம் தமிழுக்கு வந்தது.

"மேம், உங்க சிஸ்டத்துல நிறைய எக்ஸ்டர்னல் டிவைஸ் காட்டுது. எல்லாத்தையும் கழட்டிடுங்க."

"சார், கழட்டினா கீபோர்டே இல்ல சார். கேமராவும் இல்ல. லேப்டாப் மழையில நனைஞ்சிருச்சு."

மழையில் நனைந்துவிட்டது என்று சொன்னாள். அப்பா கெடுத்துவிட்டார் என்று சொல்லவில்லை. அந்த நொடியில் நான் எழுந்து, நான்தான் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். நாள் முழுக்க ஊர்க்கதை பேசுகிறவன், மேசைக்கு அடியில் பின்னைப் பிடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

"ஓகே மேம், கேமராவ எடுத்து ரூமைச் சுத்திக் காட்டுங்க. மேசைக்கு அடியிலயும்."

பழைய கேமராவாக இருந்தால் லேப்டாப்போடு ஒட்டியிருக்கும். லேப்டாப்பை அசைக்க முடியாது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். இது வயரில் தொங்குகிற கேமரா. நான் வாங்கிக் கொடுத்தது. அவள் அதைக் கீழே இறக்கினாள். அந்தக் கண்ணாடிக்கு நேரே குத்துக்காலிட்டு, லுங்கியோடு, வயரைப் பிடித்தபடி நான்.

"யாரு மேம் அது?"

"அப்பா சார். வயர் புடிச்சிட்டிருக்காரு சார்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். குரல்காரர் இல்லை, பக்கத்தில் இருந்த வேறு யாரோ. பிறகு குரல், "சாரி மேம், ரூல்ஸ்" என்றது. திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. என்ன சாமி என்று கேட்டேன்.

"காப்பி அடிச்சேன்னு போட்டிருக்குப்பா" என்றாள்.

அப்போதும் நான் பின்னை விடவில்லை. விட்டால் அணைந்துவிடுமே என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். அவள்தான் குனிந்து என் விரலை விலக்கிவிட்டாள்.

அவள் இரண்டு தடவை மெயில் எழுதினாள். பதில் இல்லை. திருப்பூர் வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். கிளம்புகிற அன்று மேசையில் இருந்த ஒவ்வொன்றையும் கழற்றி, வயரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பையில் கடைசியாக வைக்க வேண்டியது ஸ்வெட்டர். முந்தின நாள் துவைத்தது, சொட்டச் சொட்ட இல்லையே தவிர நல்ல ஈரம்.

"குடு சாமி. பஸ்ஸுக்கு நேரம் இருக்குது. மேடையில போட்டு எடுத்தாந்தர்றேன்."

அவள் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி முடிச்சுப் போட்டாள்.

"வேண்டாம்ப்பா. அங்க வெயில் இருக்கு."