கிளியக்காவின் இருமல் பொத்தான்

உட்காருவதற்கு முன்பே செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார் கிளியக்கா. வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வார். “பாதம் சில்லுன்னு இருந்தாத்தான் நாக்கு ஓடும்” என்பார். அப்புறம்தான் ஹெட்போன், மைக் எல்லாம்.

கீழே மண்டபத்தில் பன்னாட்டு மனித உரிமைக் குழு கூடியிருக்கும். நடுவில் குழு உறுப்பினர்கள், எதிரே ஏதாவது ஓர் அரசின் பிரதிநிதிகள், ஓரத்தில் முறையீட்டோடு வந்த சாதாரண ஜனங்கள். மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள்ளிருந்து, ஜனங்கள் பேசுவதை அதிகாரிகளின் மொழியிலும் அதிகாரிகள் பேசுவதை ஜனங்களின் மொழியிலும் உடனுக்குடன் சொல்வது இவர் வேலை. கூண்டுக்குள் உட்கார்ந்து சொன்னதைச் சொல்கிறாரே என்று சிற்றுண்டிச்சாலைக்காரர் விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் இப்போது அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது.

இந்தத் தொழிலில் ‘அவர் சொன்னார்’ என்ற பேச்சே கிடையாது. யார் பேசினாலும் ‘நான்’தான். காலையில் “நான் ஏழு வருடம் சிறையில் இருந்தேன்” என்பார். அடுத்த நிமிடமே “எங்கள் சிறைகளில் குறை ஒன்றும் இல்லை” என்பார். இரண்டையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கணவருக்கும் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்த சமயம், நாத்தனார் சொல்லி அனுப்பியதைச் சோறு பரிமாறிக்கொண்டே அப்படியே ஒப்பித்தார்: “இனிமே உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்!”

கணவர் கையில் எடுத்த கவளத்தோடு அசந்துபோனார். “அப்ப நீ எங்க போய் இருக்கப் போற?”

மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. இருமல் வந்தால் அதை அழுத்திக்கொள்ளலாம், மண்டபத்துக்குக் கேட்காது. கிளியக்கா இதுவரை அதைத் தொட்டதில்லை. “தும்மலக்கூட டீ நேரத்துக்குத் தள்ளி வெச்சுடுவேன்” என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. கூண்டில் மாற்றி மாற்றிப் பேசும் கூட்டாளி ஒருவர் இருக்கிறார், பெயர் புலம்பல் சார். அவருடைய பொத்தான் தேய்ந்தே போய்விட்டது. இருமலுக்காக இல்லை, புலம்புவதற்காக.

செலவைக் குறைக்கிறோம் என்று நகரும் படிக்கட்டை நிறுத்திவிட்டார்கள். கூட்ட நாட்களையும் வெட்டிவிட்டார்கள். மூச்சு வாங்க ஏறி வந்த புலம்பல் சார் ஆரம்பித்தார். “முன்னாடியெல்லாம் நாடும் நாடும்தான் பேசிக்கும், மனுஷனுக்கு இங்க நாற்காலியே கிடையாது. போராடி ஒரு நாற்காலி வாங்கினோம். இப்ப பாருங்க, இன்னும் பத்து வருஷத்துல இந்த மண்டபத்தக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுடுவாங்க.”

“விடட்டுமே. அங்கயும் பொண்ணுக்குச் சம்மதமான்னு ஒருத்தர் கேக்கணும்ல? மைக்க மட்டும் எடுத்துட்டுப் போகாம இருந்தாச் சரி” என்றார் கிளியக்கா.

எதற்கும் சிரிக்கிற இந்த மனுஷிக்கும் ஒரு முள் இருந்தது. பச்சைக் குடையோடு ஒரு பெண் ஒவ்வோர் ஆண்டும் வருவார். கணவர் பேருந்து ஓட்டுநர். தொழிற்சங்கத்துக்காகப் பேசியவர், ஒருநாள் காலை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. குழுவும் சளைக்காமல் கேட்கும். “அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை” என்று அரசுத் தரப்பிலிருந்து பதில் வரும். அந்தப் பதிலைக் குடைக்காரம்மாவின் காதில், அவருடைய மொழியில் சொல்வது கிளியக்கா.

போன ஆண்டு கை கழுவும் இடத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். “அதுல சோப்பு இல்லம்மா, இந்தப் பக்கம் வாங்க” என்றார் கிளியக்கா. குரலைக் கேட்டதும் அந்தப் பெண் விருட்டென்று திரும்பினார்.

“நீங்கதானா? வருஷா வருஷம் என் காதுல ‘இல்ல, இல்ல’ன்னு சொல்றது?”

“அது என் வார்த்தை இல்லம்மா.”

“எனக்குத் தெரியுது. என் காதுக்குத் தெரியலயே.”

அன்றைக்குக் கிளியக்காவுக்கு டீ இறங்கவில்லை. அந்தக் காதில் ஒரே ஒரு முறை வேறு பதில் சொல்லிவிட வேண்டும் என்று ஏங்கினார்.

இந்த ஆண்டு குடைக்காரம்மா தனியாக வரவில்லை. பக்கத்தில் கன்னம் ஒட்டிய ஒரு மனிதர், புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கூண்டுக்குள் கிளியக்காவுக்குக் கிராம்பே இனித்தது.

முறை வந்ததும் குடைக்காரம்மா பேசினார்: “வீட்டுக்கு வந்துட்டாரு. ஆனா இவரப் போலீஸ் பிடிக்கவே இல்லன்னு சொல்றாங்க. பிடிக்கவே இல்லன்னா, நாளைக்கு மறுபடியும் கூட்டிட்டுப் போனா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? பிடிச்சு வெச்சிருந்தோம்னு வாயால ஒரு வார்த்தை சொல்லணும். எனக்கு அது போதும்.”

கிளியக்கா அதை ‘நான்’ என்றே சொன்னார். இந்த முறை தொழில் முறைக்காக மட்டும் சொல்லவில்லை.

அரசுத் தரப்பில் புதிதாக ஓர் அம்மையார் வந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவசரமாக நீட்டிய தாளைத் தள்ளிவைத்தார். ஓட்டுநரைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு மைக்கை இழுத்துப் பேசினார். குடைக்காரம்மாவின் காதுக்குக் கிளியக்கா சொன்னார்:

“ஆம். அவர் எங்கள் காவலில்தான் இருந்தார்.”

குடைக்காரம்மா அழவில்லை. சட்டென்று தன் ஹெட்போனைக் கழற்றிக் கணவரின் காதில் மாட்டினார். குடையின் நுனியால் மேலே கண்ணாடிக் கூண்டைக் காட்டினார். ஆனால் பதில் அதற்குள் முடிந்துவிட்டது. ஓட்டுநர் கேட்பதற்கு ஒன்றுமில்லை. பேந்தப் பேந்த விழித்தார்.

மண்டபத்தில் ஒருமுறை சொன்னதைக் கூண்டிலும் ஒருமுறைதான் சொல்லலாம். புலம்பல் சார் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கிளியக்கா மைக்கைக் கிட்டே இழுத்தார்.

“ஆம். அவர் எங்கள் காவலில்தான் இருந்தார்” என்றார் மறுபடியும், நிறுத்தி நிதானமாக.

கீழே ஓட்டுநர் நிமிர்ந்து கூண்டைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கிளியக்கா இருமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார்.