பட்டுக் கிடங்கின் கதவு

கண்ணுக்குத் தெரியாத கரண்டை நம்பிப் பிழைக்கிறவன் நான். பேயை மட்டும் நம்பியதில்லை. போன மாதம் பட்டப்பகலில் எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

துறைமுகத் தெருவில் ஒரு பழைய கப்பல்காரர் வீடு. தூணெல்லாம் கடல் தாண்டி வந்த தேக்கு. ஒரு காலத்தில் பட்டும் கிராம்பும் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கிய குடும்பம். துறைமுகம் மண் மூடித் தூர்ந்ததும் தெருவே காலியாகிவிட்டது. மிஞ்சியிருந்த வீட்டம்மா அந்த வீட்டை விடுதியாக்க நினைத்தார். வயரிங் வேலை எனக்கும் மச்சானுக்கும். மச்சான் என் மனைவியின் தம்பி. அப்போதெல்லாம் அவனுக்கு வேலையைவிட வாய் அதிகம். இப்போது பேச்சே இல்லை.

பின்கட்டில் பட்டு வைத்த கிடங்கு. ஜன்னல் கிடையாது. கதவு ஒரு சாண் கனம். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டு உள்ளே போனேன். செல்போனும், வீசிங்குக்கு இழுக்கும் இன்ஹேலரும் அந்தச் சட்டைப் பையில். மச்சான் வயர் வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

மதியம் 2.10. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே இரும்புத் தாழ் விழுந்தது. கும்மிருட்டு.

"டேய், விளையாடாதடா!"

கிராம்பு வாசனை குப்பென்று அடித்தது. காலையில் நானே கூட்டிய காலிக் கிடங்கில்...

டொக். டொக். டொக்.

அப்பாடா! நானும் மூன்று தடவை தட்டினேன். காலடிச் சத்தம்... தள்ளிப் போனது.

கத்தினேன். நெஞ்சு இறுகியது.

டொக். டொக். டொக்.

இரண்டு கையாலும் பதறித் தட்டினேன். மறுபடி காலடி தள்ளிப் போனது. இப்படி எத்தனை தடவை என்று நினைவில்லை. இங்கேயே சாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

மூச்சு விசிலடித்தது. சரிந்து விழுந்தேன்.

டொக்... டொக்... டொக்...

கை எழவில்லை.

தாழ் விலகியது.

கதவு திறந்தது. வெளியே யாருமில்லை.

இன்ஹேலரை இழுத்துக்கொண்டே தவழ்ந்து முற்றத்துக்கு வந்தேன். மச்சான் அப்போதுதான் வயரோடு வாசலில் நுழைந்தான். வீட்டம்மாவும் ஓடி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

மச்சான் சிரித்தான். "பேய்கூட உங்கள வேணாம்னு அனுப்பிடுச்சா மாமா? இருங்க, கிடங்குல கிடக்குற டிரில்ல எடுத்துட்டு வரேன்."

வீட்டம்மா சிரிக்கவில்லை.

"அந்தக் காலத்துல சரக்கு இறங்கினா, காவலுக்கு ஒரு ஆள உள்ள வச்சுப் பூட்டிடுவாங்க தம்பி. அப்பப்ப வெளியிலேருந்து தட்டுவாங்க. பதில் வந்தா, ஆள் நல்லா இருக்கான்னு திறக்க மாட்டாங்க."

"வரலன்னா?"

"செத்துட்டான்னு திறப்பாங்க. அடுத்த ஆள உள்ள விட..."

திரும்பினேன். மச்சான் அங்கே இல்லை.

பின்கட்டில் தாழ் விழுந்தது.

ஓடினேன். உள்ளேயிருந்து மச்சான் பதறிப் பதறிப் பதில் தட்டிக்கொண்டிருந்தான்.

நான் இன்னும் கதவைத் தட்டவே இல்லை.